நார்த்தூசி பறக்கற ஊர்ல ஏசி பில்டர்: அது என்ன வேலை செய்யுது, பத்திரமா எப்படி கழுவறது

மார்ச் பொறந்தா போதும், பொள்ளாச்சில ஆரம்பிச்சு கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி கொழிஞ்சாம்பாறை, சித்தூர், பாலக்காடு வரைக்கும் எல்லார் வாயிலயும் வெயில் பேச்சுதாங்க. பாலக்காட்டுப் பக்கம் 40 டிகிரிய தொட்டுட்டு வர்றதெல்லாம் இப்ப யாருக்கும் ஆச்சரியமா இல்ல. அதனால ஓட்டு வீட்டுக்காரங்க கூட ஒரு ரூம மட்டும் சீலிங் அடிச்சு, தவணைல ஒரு ஸ்ப்ளிட் ஏசி வாங்கி மாட்டிட்டாங்க. மாட்ட வர்றவரு ரிமோட்ட கைல குடுத்து எந்த பட்டன் எதுக்குன்னு சொல்லிட்டு கெளம்பிடறாரு, உள்ள ஒரு வலை இருக்கு, அத அடிக்கடி கழுவணும்னு நெறய பேருக்கு யாருமே சொல்றதில்ல. அந்த வலைதான் பில்டர். அதப் பத்தி மட்டும் இங்க எழுதறேன், ஏசிய பத்தி ஒன்னுமே தெரியாதவங்களும் படிச்சு செய்யற மாதிரி.

மொதல்ல ஏசி எப்படி ஓடுதுன்னு ஒரு வார்த்தை. நெறய பேரு வெளிய இருக்கற பொட்டில இருந்து காத்து பைப்ல வந்து ரூமுக்குள்ள விழுதுன்னு நெனச்சுட்டிருக்காங்க. அப்படி கெடையாதுங்க. வெளிய இருக்கற பொட்டிக்கும் உள்ள இருக்கற பொட்டிக்கும் நடுவுல போறது குளிர வைக்கற கேஸ் ஓடற செம்புக் குழாயும், கரண்ட் ஒயரும், தண்ணி வடியற பைப்பும்தான். சாதாரண ஸ்ப்ளிட் ஏசி நம்ம ரூம்ல ஏற்கனவே இருக்கற காத்தத்தான் மேல் பக்கமா இழுக்கும், இழுத்தத ஒரு வலை வழியா விட்டு, அதுக்குப் பின்னாடி சில்லுனு இருக்கற காயில் மேல பட வச்சு, கீழ இருக்கற வாய் வழியா திருப்பி ரூமுக்கே விடும். அதே காத்து ராத்திரி பூரா சுத்தி சுத்தி வருது. அப்போ ரூம்ல பறக்கற தூசி, போர்வைப் பஞ்சு, தலைமுடி, சாம்பிராணிப் புகைக்கரி எல்லாம் அந்த வலைல வந்து ஒக்காரும். தேங்காப்பால் பிழியறப்ப துணில சக்கை சேந்துச்சுன்னா எவ்வளவு அழுத்தினாலும் பால் எறங்காது பாருங்க, அதேதான் இங்கயும், வலைல தூசி அடஞ்சா உள்ள இருக்கற ப்ளோயர், அதாவது காத்து தள்ளற ஃபேன், முக்கி முக்கி சுத்தும் ஆனா காத்து வராது.

இங்க ஒரு விஷயத்த தெளிவா புரிஞ்சுக்கணும், ஏன்னா விளம்பரம் பாத்து பாத்து இதுலதான் எல்லாருக்கும் கொழப்பம். இந்த பிளாஸ்டிக் வலை முக்கியமா காப்பாத்தறது மெஷின, நம்ம நுரையீரல இல்ல. வலையோட ஓட்டை கண்ணுக்கே தெரியற அளவு பெருசு. பிஎம் 2.5ன்னு சொல்றாங்களே, அது 2.5 மைக்ரானோ அதுக்கும் சின்னதோ இருக்கற தூசி (மைக்ரான்னா ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), நம்ம தலைமுடியோட தடிமனே சுமாரா 50ல இருந்து 70 மைக்ரான் இருக்கும்னா அது எவ்வளவு பொடின்னு பாத்துக்கோங்க, அது இந்த வலைல சர்ருன்னு பூந்து போயிடும். வலை புடிக்கறது பெரிய தூசியத்தான், ஏன் புடிக்குதுன்னா பின்னாடி காயில்ல அலுமினியத் தகடு சீப்புப்பல்லு கணக்கா நெருக்கி நெருக்கி இருக்கும், அதுக்குள்ள தூசி போயி ஈரத்தோட ஒட்டிடுச்சுன்னா நம்மளால எடுக்க முடியாது, மெக்கானிக் வந்து பம்ப் போட்டு தண்ணி அடிக்கணும். வலைய கழுவறதுக்கு செலவு கொஞ்சம் சோப்பும் ஒரு பக்கெட் தண்ணியும்தான்.

சரி, வலை அடச்சா என்னதான் ஆகும்? காத்து கம்மியா போறதால காயில் மேல போதுமான சூடு படாது, அது சில்லுனு ஆகி ஆகி பூஜ்யம் டிகிரிக்கும் கீழ போயி ஐஸ் கட்ட ஆரம்பிச்சுடும். ஐஸ் கட்டுனா காத்து இன்னும் அடைபடும், அப்புறம் ஏசிய நிறுத்துனதும் அத்தன ஐஸும் உருகி, கீழ இருக்கற ட்ரே கொள்ளாம செவுத்துலயும் கட்டில்லயும் சொட்டும். "ஏசில தண்ணி ஒழுகுது"ன்னு போன் பண்றதுல ஒரு பங்குக்கு இதுதாங்க காரணம், இன்னொரு பங்கு தண்ணி வடியற பைப் அடப்பு. ஐஸ் கட்டியிருக்கறத பாத்தா கத்தி, ஸ்க்ரூட்ரைவர் எதையும் வச்சு கொத்தாதீங்க, காயில்ல ஓட்டை விழுந்தா மொத்த கேஸும் போயிடும். கூலிங்க நிறுத்திட்டு ஃபேன் மோட்ல மட்டும் ஓட விடுங்க இல்லன்னா சும்மா ஆஃப் பண்ணி வைங்க, அதுவா உருகட்டும்.

கரண்ட் பில்லும் சேந்து ஏறும். அடஞ்ச பில்டர சுத்தமான பில்டரா மாத்துனா ஏசி இழுக்கற கரண்ட்ல 5ல இருந்து 15 சதவீதம் வரைக்கும் கொறையலாம்னு அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லியிருக்கு. செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டு மின்வாரியம், அந்தப் பக்கம் கேரளா மின்வாரியமான கே.எஸ்.இ.பி, ரெண்டுலயும் வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு பில்லு, ரெண்டுலயும் யூனிட் ஏற ஏற ஒரு யூனிட்டோட ரேட்டும் ஏறும். அதனால கோடைல ஸ்லாப் மாறற எடத்துல நிக்கற வீட்டுக்கு கொஞ்சம் யூனிட் மிச்சமானாலே பணமா நல்லாத் தெரியும். ஏசிய 24ல வைக்கறதும் இதே கணக்குதான், 2020 ஜனவரில இருந்து ஸ்டார் போட்ட ரூம் ஏசி எல்லாம் ஆன் பண்ணதும் 24ல ஆரம்பிக்கற மாதிரி செட்டிங் பண்ணித்தான் விக்கணும்னு அரசாங்கமே விதி கொண்டு வந்துச்சு. ஆனா வலை அடஞ்சு கெடந்தா 24 வச்சாலும் ரூம் 24க்கு வராது, வெளிப்பொட்டில கேஸ அழுத்தி சுத்த விடற கம்ப்ரசர் நிக்காம ஓடிட்டே இருக்கும்.

இதுல எனக்கு ரொம்ப வருத்தமான ஒரு சமாச்சாரம் இருக்குங்க. கூலிங் கொறஞ்சதும் ஆள கூப்பிடறோம், சில பேரு வந்து மூடியக்கூட தெறக்காம "கேஸ் கம்மியாயிடுச்சுங்க்கா, ஃபில் பண்ணணும்"னு சொல்லி ஆயிரக்கணக்குல வாங்கிட்டு போயிடறாங்க. கேஸ் வண்டிக்கு பெட்ரோல் ஊத்தற கணக்கு கெடையாது, ஓட ஓட தீந்து போற சமாச்சாரமே இல்ல. மூடுன குழாய்க்குள்ள சுத்திட்டே இருக்கும், எங்கயாவது லீக் இருந்தாத்தான் கொறையும். அப்படி கொறஞ்சிருந்தா லீக் எங்கன்னு கண்டுபுடிச்சு அடைக்காம கேஸ் மட்டும் ஏத்துனா அதுவும் கொஞ்ச நாள்ல போயிடும். அதனால கூலிங் இல்லன்னா மொதல்ல நீங்களே வலைய கழட்டி பாருங்க. கழுவி மாட்டுனதும் காத்து பழையபடி வந்துச்சுன்னா அந்தப் பணம் உங்களுக்கு மிச்சம். நல்லா வேலை செய்யற மெக்கானிக்கும் நம்ம ஊர்ல நெறய இருக்காங்க, அவங்க வந்ததும் மொதல் வேலையா மூடியத் தெறந்து வலையத்தான் பாப்பாங்க, அத வச்சே ஆள கண்டுக்கலாம்.

எத்தன நாளைக்கு ஒருக்கா கழுவணும்? கையேட்டுல பொதுவா ரெண்டு வாரம், சில கம்பெனி மாசம் ஒருக்கான்னு போட்டிருப்பாங்க. நம்ம ஊருக்கு ரெண்டு வாரம்தான் சரி, நார் மில் பக்கத்துல வீடுன்னா கோடைல வாரா வாரம் எடுத்து பாத்துடறது நல்லது. ஏன்னா நம்ம தூசி வேற மாதிரிங்க. பொள்ளாச்சி, ஆனைமலை சுத்தி எங்க பாத்தாலும் தென்னை நார் களம், மட்டைய அடிச்சு நார் எடுத்துட்டு மிச்சம் விழற நார்க்கழிவுப் பொடிய வெயில்ல பரப்பி காய வைக்கறாங்க, அந்தப் பக்கம் நீலகிரி மலை இந்தப் பக்கம் ஆனமலை, நடுவுல பாலக்காட்டுக் கணவாய் தெறந்து கெடக்கறதால காத்து ஒரு தடைய பாக்காம வந்து அந்தப் பொடிய அள்ளிட்டு போவுது. சித்தூர் பக்கம் நெல் அறுப்பு சமயத்துல பதர்த்தூசி வேற. ஒரு தடவ வலைய உருவி வெளிச்சத்துல புடிச்சு பாருங்க, பழுப்பா ஒரு படலம், அதுல ஊசி ஊசியா நார்த்துண்டு குத்தி நிக்கும், நடுவுல கொசு றெக்கை, பூனை வளக்கற வீடுன்னா வெள்ளை முடி, சமையக்கட்டு பக்கத்து ரூம்னா மொத்தமும் தேங்காஎண்ணெப் பிசுக்கோட விரல்ல ஒட்டும். வலை வழியா அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியலன்னா கழுவற நாள் எப்பவோ தாண்டிடுச்சுன்னு அர்த்தம்.

சில ஏசில பில்டர் கழுவச் சொல்லி ஒரு லைட் எரியும். நெறய மாடல்ல அது தூசிய அளந்து எரியறது இல்ல, இத்தன மணி நேரம் ஓடியாச்சுன்னு கணக்கு வச்சு எரியறது. அதனால லைட் எரியலயேன்னு விட்டுடாதீங்க, எரிஞ்சா கழுவிட்டு ரீசெட் பட்டன அமுக்கி விடணும்.

இப்ப வேலைக்கு வருவோம். வலைய கழுவறதுல ஆபத்து ஒன்னும் இல்ல, ஆபத்து இருக்கறது கரண்ட்லயும், ஏறி நிக்கற எடத்துலயும்.

ரிமோட்ல ஆஃப் பண்ணா மட்டும் பத்தாது. ரிமோட் சிக்னலுக்காக உள்ள போர்டுல கரண்ட் இருந்துட்டேதான் இருக்கும், டைமர் போட்டிருந்தா அதுவா ஓட ஆரம்பிக்கும், கொழந்த ரிமோட்ட எடுத்து அமுக்கினாலும் ஓடும். கை உள்ள இருக்கறப்ப ப்ளோயர் சுத்துனா விரலுக்கு அடி. அதனால ரிமோட்ல நிறுத்திட்டு, ப்ளோயர் நின்னு, காத்து விடற வாய் மூடுனதுக்கு அப்புறம், ஏசிக்குன்னு தனியா இருக்கற எம்சிபிய, அதாவது கரண்ட மொத்தமா நிறுத்தற சுவிட்ச, கீழ எறக்கிடுங்க. ப்ளக் மாடல்னா சுவிட்ச நிறுத்திட்டு ப்ளக்க உருவிடுங்க. கை ஈரம் இல்லாம இருக்கணும். வீட்ல இருக்கறவங்ககிட்ட "எம்சிபிய தொடாதீங்க, ஏசி கழுவறேன்"னு ஒரு வார்த்தை சத்தமா சொல்லிடுங்க, இது சின்ன விஷயமா தெரியும் ஆனா ரொம்ப முக்கியம்.

அடுத்தது ஏறி நிக்கறது. ஏசி ஏழு எட்டு அடி ஒசரத்துல இருக்கும், கீழ பெரும்பாலும் கட்டில். நம்மாளுங்க கட்டில் மேல பிளாஸ்டிக் சேர போட்டு ஏறுவாங்க, அது மட்டும் வேண்டவே வேண்டாங்க. மெத்தை அமுங்கும், சேர் காலு விரியும், விழுந்தா இடுப்புதான். கட்டில நகத்திட்டு தரைல ஏணியோ கனமான மர ஸ்டூலோ போட்டு, கீழ ஒருத்தர புடிச்சுக்கச் சொல்லி ஏறுங்க. வயசானவங்க, கர்ப்பமா இருக்கறவங்க, தலைசுத்தல் இருக்கறவங்க இந்த வேலைக்கே போக வேண்டாம், பக்கத்து வீட்டுத் தம்பிய கூப்பிட்டா கால் மணி நேரத்துல முடிச்சு குடுத்துட்டு போயிடுவான். ஏறறதுக்கு முன்னாடி மெத்தை மேல ஒரு பழைய பெட்சீட்ட விரிச்சுடுங்க. வாய்க்கும் மூக்குக்கும் மாஸ்க் கட்டிக்கோங்க, ஆஸ்துமா, தூசி அலர்ஜி இருக்கறவங்க ரூம்லயே இருக்க வேண்டாம், வலைய உருவறப்ப பறக்கற பொடி அவங்களுக்கு ஒத்துக்காது.

முன்பக்க மூடியோட ரெண்டு ஓரத்துலயும் விரல் வைக்கற பள்ளம் இருக்கும், அங்க புடிச்சு மெதுவா மேல தூக்குனா ஒரு சின்ன சத்தத்தோட நின்னுக்கும். இறுகிப் போயிருந்தா பலம் போடாதீங்க, பிளாஸ்டிக் கொக்கி ஒடஞ்சுடும், ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல தூக்கணும். உள்ள பொதுவா ரெண்டு வலை பக்கத்து பக்கத்துல இருக்கும். அடியில இருக்கற கைப்பிடிய லேசா மேல தள்ளி கொக்கில இருந்து விடுவிச்சு, கீழ்ப்பக்கமா இழுத்தா உருவிட்டு வந்துடும். சில மாடல்ல வலை மேல்பக்கமா சொருகி இருக்கும், கையேட்டுல படம் போட்டிருப்பாங்க, பாத்துக்கோங்க. எந்த வலை எடது எது வலதுன்னு போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கறது நல்லது. வலைய எடுத்ததும் பின்னாடி பளபளன்னு அலுமினியத் தகடு தெரியும், அத தொடாதீங்க, ஓரம் பிளேடு கணக்கா இருக்கும், விரல் கிழிஞ்சுடும், தகடும் மடங்கிடும்.

வலைய நேரா பைப்புக்கு அடியில கொண்டு போகாதீங்க. நம்ம ஊரு நார்க்கழிவுப் பொடி தண்ணி பட்டா உறிஞ்சி ஊதிக்கும், அதனாலதானே அத நர்சரிக்காரங்க மண்ணுக்கு பதிலா தொட்டில போடறாங்க. ஊதுன பொடி வலை ஓட்டைல உக்காந்துட்டா தேச்சு எடுக்கறது கஷ்டம். அதனால வெளிய எடுத்துட்டு போயி மொதல்ல காஞ்ச நெலமைலயே லேசா தட்டி, பழைய பெயின்ட் ப்ரஷ் மாதிரி மெத்துனு இருக்கறத வச்சு தூசிய தள்ளி விடுங்க, வேக்குவம் க்ளீனர் இருந்தா தூசி இருக்கற பக்கத்துலயே வச்சு இழுங்க. அப்புறம் தண்ணி. தூசி ஒட்டியிருக்கற பக்கத்துக்கு எதிர் பக்கத்துல இருந்து தண்ணிய விடணும், அப்பத்தான் தூசி வந்த வழியாவே வெளிய போவும். சாதாத் தண்ணி போதும், எண்ணெப் பிசுக்கு இருந்தா கொஞ்சம் பாத்திரம் கழுவற லிக்விட கலந்து ஊற வச்சு ப்ரஷால தடவி விடுங்க. தண்ணி 40 டிகிரிக்கு மேல சூடா இருக்கக் கூடாது, கைக்கு எளஞ்சூடா தெரிஞ்சா போதும். பாத்ரூம் ஆசிட், ப்ளீச்சிங் பவுடர், பெட்ரோல், தின்னர் எதுவும் கூடாது. கம்பி நார், தேங்கா நார் போட்டு தேச்சா வலை கிழியும்.

காய வைக்கறது நெழல்ல. நம்ம வழக்கம் எதைக் கழுவுனாலும் மொட்டை மாடிக்கு கொண்டு போறது, ஆனா இந்த வெயில்ல பிளாஸ்டிக் சட்டம் வளஞ்சுடும், வளஞ்சா எடத்துல சரியா உக்காராது, அந்த இடுக்கு வழியா தூசி நேரா காயிலுக்கு போவும். உதறிட்டு திண்ணைல சாய்ச்சு வச்சா போதும், நல்லா காஞ்சிருக்கணும், ஈரத்தோட மாட்டுனா பூஞ்சை புடிச்சு நாறும். காயற நேரத்துல ஏசிய வலை இல்லாம ஓட்டாதீங்க. மாட்டறப்ப கொக்கி எல்லாம் உக்காந்துச்சான்னு பாத்து, மூடிய மூடி, கை ஈரம் தொடச்சுட்டு எம்சிபிய ஏத்துங்க.

வலைக்கு மேலயோ பக்கத்துலயோ சின்னதா கருப்பு, பச்சை, வெள்ளைல தனி பில்டர் துண்டு சிலதுல இருக்கும், கார்பன் பில்டர், பிஎம் 2.5 பில்டர்னு பேரு போட்டு. இதுல நெறய வகைய தண்ணில போடவே கூடாது, கையேடு என்ன சொல்லுதோ அதுதான், காலம் முடிஞ்சா புதுசு வாங்கி மாத்தணும். ஏர் ப்யூரிபையர்ல இருக்கற ஹெப்பா பில்டரும் அப்படித்தான், 0.3 மைக்ரான் தூசில 99.97 சதவீதத்த புடிக்கறதுக்குன்னு காகிதம் மாதிரி இழைல செஞ்சது, கழுவலாம்னு எழுதாத ஹெப்பாவ கழுவுனா பாழ். புது ஹெப்பா மேல பிளாஸ்டிக் கவர் சுத்தியிருக்கும், அத பிரிக்காமயே சொருகி ஓட்டற வீடு உண்டு, வாங்குனதும் கவர கழட்டுங்க.

பசங்க அமெரிக்கால இருக்கற வீடு நம்ம பக்கம் நெறய இருக்கு, பேரன பாத்துக்க போறவங்களுக்கு இதையும் சொல்லிடறேன். அங்க நெறய வீட்ல வீடு பூராவும் ஒரே மெஷின், கோடைல குளிர், பனில சூடு, ரெண்டும் அதே டக்ட்ல, அதாவது காத்து போற பெரிய குழாய்ல வரும். பில்டர் பெரும்பாலும் அட்டைச் சட்டத்துல இருக்கும், அத கழுவக்கூடாது, மாத்தணும். பழசோட ஓரத்துல 16, 25, 1ன்னு இன்ச்ல சைஸ் அச்சடிச்சிருக்கும், அதே சைஸ் வாங்கணும், ஓரத்துல போட்டிருக்கற அம்புக்குறி காத்து போற திசைய, அதாவது மெஷின பாத்து இருக்கணும். மெர்வ்னு ஒரு நம்பர் இருக்கும், நம்பர் ஏற ஏற பொடித் தூசிய புடிக்கும், ஆனா பழைய மெஷினுக்கு ரொம்ப நெருக்கமான பில்டர் போட்டா காத்து திணறும். அங்கயும் மாத்தறதுக்கு முன்னாடி செவுத்துல சூடு குளிர் செட் பண்ற தெர்மோஸ்டாட்ல ஆஃப் பண்ணிடணும்.

ஏசி இல்லாம ஏர் கூலர் வச்சிருக்கறவங்க இத கவனமா படிங்க, ஏன்னா உயிர் போற விஷயம் இதுலதான் அதிகம். கூலர்ல தண்ணியும் கரண்டும் ஒரே பொட்டிக்குள்ள, தகரக் கூலர்னா ஒயர்ல ஒரு எடம் உரிஞ்சாலும் பொட்டி முழுக்க ஷாக். தண்ணி ஊத்தறதுக்கும், தண்ணி நனையற பேட கழட்டறதுக்கும், தொடைக்கறதுக்கும் ப்ளக்க உருவாம கை வைக்கவே கூடாது. மூணு முள்ளு ப்ளக், வேலை செய்யற எர்த், மெயின்ல கரண்ட் கசிஞ்சா தானா நிறுத்தற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, இது மூணும் இருக்கான்னு எலக்ட்ரீசியன விட்டு பாத்துடுங்க. போர் தண்ணி உப்பா இருக்கற ஊர்ல பேட்ல வெள்ளையா படிஞ்சு கல்லாயிடும், வினிகர் கலந்த தண்ணில ஊற வச்சு கழுவலாம், வைக்கோல் மாதிரி இருக்கற மரச்சீவல் பேடுன்னா சீசனுக்கு ஒருக்கா புதுசு போட்டுடறது நல்லது. தொட்டித் தண்ணிய வாரம் ஒருக்கா முழுசா கொட்டி தேச்சு கழுவணும், டெங்கு பரப்பற கொசு முட்ட வைக்கறது இந்த மாதிரி தேங்கற தண்ணிலதான்.

வலைய கழுவுனதுக்கு அப்புறமும் காத்து வரல, ஐஸ் கட்டுது, தண்ணி சொட்டறது நிக்கல, ஒயர் கருகற வாடை வருதுன்னா அங்க நிறுத்திட்டு மெக்கானிக்க கூப்பிடுங்க, கருகல் வாடைன்னா எம்சிபிய எறக்கிட்டு கூப்பிடுங்க. காயில், ப்ளோயர், வெளிப்பொட்டி மூணும் அவரு வேலை. கடைல விக்கற ஸ்ப்ரேவ வாங்கி நீங்களா உள்ள அடிக்க வேண்டாம், போர்டுல பட்டா போச்சு, இப்ப வர்ற ஏசில ஆர்-32, ஆர்-290ன்னு தீப்புடிக்கற வகை கேஸும் இருக்கறதால கொள்ளி, சாம்பிராணித் தட்டு எதையும் பக்கத்துல கொண்டு போகவும் வேண்டாம். ஜூன்ல மழை எறங்கி ஏசிக்கு ஓய்வு குடுக்கறப்ப வலைய கழுவி காய வச்சு மாட்டிட்டு, ஒரு வெயில் நாளா பாத்து ஃபேன் மோட்ல சில மணி நேரம் ஓட விட்டு உள்ள இருக்கற ஈரத்த காய வச்சுட்டு எம்சிபிய எறக்கிடுங்க. வலை கிழிஞ்சிருந்தா ஒட்டித் தச்சு போடாதீங்க, உள்பொட்டியோட பக்கவாட்டு ஸ்டிக்கர்ல இருக்கற மாடல் நம்பர போட்டோ எடுத்துட்டு சர்வீஸ் சென்டர்ல காட்டுனா அதே மாடலுக்கு புது வலை வரவழைச்சு தருவாங்க.